கரிசல் மண்ணில் புல்தரை: சதுர அடிக் கணக்கு 'லான் பேக்கேஜ்' காசுக்குத் தகுமா?

கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் முன்வாசலில் ஆயிரம் சதுர அடிக்குப் புல்தரை வேண்டும் என்று கேட்டால், நர்சரிகள் தரும் விலைப்பட்டியல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. இடத்தைச் சுத்தம் செய்வது, 2 அங்குலம் செம்மண், நாலைந்து மூட்டை மண்புழு உரம், மேலே புல் மேட் (வேரோடும் மண்ணோடும் பெயர்த்தெடுத்த புல் துண்டுகள்), ஒரு மாதப் பராமரிப்பு. எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. இந்தச் சேவையைத்தான் இங்கே எடை போட்டுப் பார்க்கிறோம். தனி ஒரு நர்சரியைப் பற்றிய மதிப்புரை இல்லை இது. கரிசல் பூமியில் இந்தப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். புல் பெரும்பாலும் நன்றாகவே வருகிறது. மேட் பதிக்கும் ஆட்களின் கைவேலையிலும் குறை சொல்ல எதுவும் இல்லை. குறையெல்லாம் புல்லுக்குக் கீழே இருக்கிறது. 2 அங்குலச் செம்மண் என்பது செவல் நிலத்துக்குப் போதும். அங்கே அடிமண்ணே தண்ணீரை வாங்கிக்கொள்ளும். கரிசலில் அது பந்தலுக்குக் கீழே விரித்த ஜமுக்காளம் மாதிரி, மேலே மட்டும்தான். அதைவிடப் பெரிய குறை, இந்தப் பட்டியலில் 'வாட்டம்', அதாவது தண்ணீர் வழிந்தோடுவதற்கான சரிவு, என்ற சொல்லே கிடையாது. ஐப்பசி மழை முடிந்ததும் புல் மஞ்சளடித்து, கால் வைத்தால் சொதசொதவென்று அமுங்குகிற புல்தரைகளில் பெரும்பாலானவற்றின் கோளாறு இந்த இரண்டில் ஒன்றுதான்.

கரிசல் ஏன் இப்படி?

கரிசல் மண்ணில் களி பாதிக்குப் பாதி. அந்தக் களியும் சாதாரணக் களி இல்லை. மான்ட்மோரில்லோனைட் என்ற வகை. அதன் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் ஊதும், வெளியேறினால் சுருங்கும். சித்திரையில் உள்ளங்கை நுழைகிற வெடிப்பு விடுவதும், கார்த்திகையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்வதும் ஒரே குணத்தின் இரண்டு முகங்கள். காய்ந்த கரிசலில் முதல் மழை வெடிப்பு வழியாக விறுவிறுவென்று இறங்கிவிடும். மண் ஊதி வெடிப்பு மூடிக்கொண்டதும் கதவு சாத்தியது போல ஆகிவிடும். அதன்பிறகு தண்ணீர் மணிக்குச் சில மில்லிமீட்டர் இறங்கினாலே அதிகம்.

ஆயிரம் சதுர அடியில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது சுமார் 4,650 லிட்டர் தண்ணீர். அது கீழே போகாது. பக்கவாட்டில்தான் போயாக வேண்டும். கரிசலில் புல்தரை போடுவது என்றால் முதலில் இந்த 4,650 லிட்டருக்கு வழி சொல்வது. புல் வகையைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது போன்ற மழைக்கு எந்தப் புல்தரையும் ஈடுகொடுக்காது. ஆனால் எல்லா வருடமும் வரும் வடகிழக்குப் பருவமழைக்கு ஈடுகொடுத்தே ஆக வேண்டும்.

பட்டியலில் உள்ளவை, ஒவ்வொன்றாக

செம்மண். இதில் ஏமாற்றம் அதிகம். 'செம்மண்' என்று சொல்லி லாரியில் வருவது பல இடங்களில் கிராவல், அதாவது மனை மேடாக்கவும் ரோட்டுக்கும் போடுகிற சரளை கலந்த மண். ரோலர் ஏறினால் இறுகி சிமென்ட் தரை போல ஆவதற்காகவே பயன்படும் மண் அது. வேர் அதில் என்ன செய்யும்? லோடு இறக்கும் முன் ஒரு கைப்பிடி எடுத்து ஈரமாக்கி உருட்டிப் பாருங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். நாடா போல நசுக்கி 2 அங்குலத்துக்கு மேல் உடையாமல் இழுக்க முடிந்தால் அது களி, திருப்பி அனுப்பிவிடுங்கள். கண்மாய் வண்டலுக்கும் இதே சோதனைதான். வயலுக்கு அது அருமையான மண், ஆனால் புல்தரைக்கு மேல்மண்ணாகப் போட்டால் களி மேல் களி ஏறியதாகத்தான் அர்த்தம்.

மணல். "கரிசலோடு நாலு பாண்டு மணல் கலந்துவிட்டால் பொலபொலவென்று ஆகிவிடும்" என்று சொல்லாத ஆள் இல்லை. ஆகாது. கொஞ்சம் மணல் போட்டால் களி அந்த மணலைச் சுற்றி இறுகி, காய்ந்ததும் செங்கல் போல ஆகும். மணலின் குணம் மேலோங்க வேண்டுமானால் கலவையில் முக்கால் பங்காவது மணல் இருக்க வேண்டும். ஆயிரம் சதுர அடியில் 6 அங்குல ஆழத்துக்கு 500 கன அடி கரிசல் இருக்கிறது. அதை மாற்ற 1,500 கன அடி மணல், அதாவது 15 யூனிட் வேண்டும். யாரும் போடப்போவதில்லை. பட்டியலில் 'ஒரு யூனிட் எம்.சாண்ட் கரிசலோடு கலத்தல்' என்று இருந்தால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். அதே மணல் மேல்மண் கலவைக்குள் போனால் பலன் உண்டு. பூச்சு வேலைக்கான பி.சாண்ட் வேண்டாம், அதன் நைசு துளைகளை அடைத்துவிடும்.

ஜிப்சம். 'களியை உடைக்கும்' என்று 50 கிலோ மூட்டையாகத் தலையில் கட்டப்படும் பொருள் இது. பாதி உண்மை. மண்ணில் சோடியம் ஏறியிருந்தால் ஜிப்சத்தின் கால்சியம் அந்தச் சோடியத்தை வெளியே தள்ளி மண்ணைத் திரளச் செய்யும். சோடியம் ஏறாத கரிசலில் கால்சியம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது. தோண்டும்போது வெள்ளை வெள்ளையாக வரும் சுக்கான் (சுண்ணாம்பு) கட்டிகளே அதற்குச் சாட்சி. அங்கே ஜிப்சம் போட்டால் செலவு மட்டும்தான் மிச்சம்.

உங்கள் மண் எந்த ரகம் என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். போர்த் தண்ணீர் கூடாது. அதிலுள்ள உப்பு சோதனையைக் கெடுத்துவிடும். நன்றாகக் காய்ந்த கரிசல் கட்டி ஒன்றை, பட்டாணி அளவில், அசைக்காமல் உள்ளே விடுங்கள். ஐந்து நிமிடத்தில் கட்டி சரிந்து குவியலாகிவிடும். அது எல்லாக் கரிசலிலும் நடப்பதுதான். பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு. சில மணி நேரம் கழித்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் ஜிப்சம் தேவையில்லை. குவியலைச் சுற்றிப் பால் கலந்தது போல ஒரு புகைமூட்டம் எழுந்து, மறுநாள் காலையிலும் அடங்காமல் நின்றால் அது சோடியம் ஏறிய மண். அப்படியானால் ஆயிரம் சதுர அடிக்கு ஒரு 50 கிலோ மூட்டையைத் தூவி, மேல் 4 அங்குலத்தில் கலந்து, நல்ல தண்ணீர் விட்டு அலசலாம். துல்லியமான அளவுக்கு மண் பரிசோதனை நிலையத்தில் அமில கார நிலை, உப்பு அளவு ஆகியவற்றோடு மாற்றத்தக்க சோடியம் எத்தனை சதவீதம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அது 15க்கு மேல் போனால் ஜிப்சம் அவசியம். சுண்ணாம்பை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கரிசலில் போட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே காரம் மிகுந்த மண் அது.

தென்னை நார்க் கழிவு. 5 கிலோ கட்டி ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டர், அதாவது இரண்டரைக் கன அடி வரும். மேல்மண்ணில் பத்தில் ஒரு பங்கு வரை கலக்கலாம். அலசிய கட்டியாக, உப்பு அளவு (இ.சி.) 0.5க்குக் கீழே இருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். அலசாத கட்டி மலிவு. அதில் வரும் உப்பை இளம் வேர் தாங்காது. கரிசலுக்குள் நேராகக் கலப்பதில் பெரிய பலன் இல்லை. இருக்கிற தண்ணீரையே விடாத மண்ணுக்குத் தண்ணீர் பிடிக்கும் பொருள் எதற்கு? ஹைட்ரோஜெல் என்ற பெயரில் விற்கும் பொடிக்கும் இதே பதில்தான். ஹியூமிக் அமிலம் போன்ற பாட்டில் திரவங்கள் வேருக்குக் கொஞ்சம் ஊக்கம் தரலாம், மண்ணின் கட்டமைப்பை அவை மாற்றுவதில்லை.

ரோட்டவேட்டர். நிலத்தை உழுவதற்கு இதைத்தான் கொண்டுவருகிறார்கள். பதம் தப்பிய கரிசலில் ரோட்டவேட்டர் ஓடினால் மேலே மாவு, 5 அங்குலத்துக்குக் கீழே சாணம் மெழுகியது போல வழுவழுப்பான ஒரு படலம். தண்ணீர் அந்தப் படலத்தைத் தாண்டாது. கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு 4 முதல் 6 அங்குலம் கட்டி கட்டியாகப் பெயர்த்துப் போடுவது மெதுவான வேலைதான், கூலியும் கூடும். ஆனாலும் கரிசலுக்கு அதுவே சரி. பதம் என்பது மழை அல்லது தண்ணீருக்குப் பிறகு வரும் சில நாள்கள்தான்: மண் மண்வெட்டியில் ஒட்டக் கூடாது, வெட்டினால் பாளமாகவும் வரக் கூடாது. நர்சரிக்காரர் தன் வசதிக்குத் தேதி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தேதியை மண்தான் சொல்ல வேண்டும்.

பட்டியலில் எழுதிச் சேர்க்க வேண்டியது

முதல் வரி வாட்டம். 10 அடிக்கு 2 அங்குலம். 25 அடி நீளத் தரை என்றால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 5 அங்குல இறக்கம். வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக. இதில் எல்லோரும் தவறவிடும் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. வாட்டம் கரிசலிலேயே இருக்க வேண்டும். மேல்மண்ணை மட்டும் பார்வைக்குச் சரித்துவிட்டு, கீழே கரிசல் சட்டி போலக் குழிந்திருந்தால், மேல்மண் வழியாக இறங்கிய தண்ணீர் அந்தக் குழியில் தேங்கி நிற்கும். மேலே பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், வேர் மட்டும் கீழே அழுகிக்கொண்டிருக்கும். ஆகவே மேல்மண் லாரி வருவதற்கு முன்பே டியூப் லெவல் வைத்து, 5 அடிக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, கரிசலின் மட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். கொத்தனார் மொட்டை மாடிக்கு வாட்டம் பிடிக்கும் அதே கவனம் இங்கேயும் தேவை.

இரண்டாவது, தாழ்ந்த முனையில் ஒரு வாரி. 9 அங்குல அகலம், ஒரு அடி ஆழம். அடியில் துளையிட்ட 3 அங்குலக் குழாய், சுற்றிலும் ஜியோ டெக்ஸ்டைல் துணி, மேலே 20 மில்லிமீட்டர் ஜல்லி. குழாயின் வாய் மழைநீர்க் குழியிலோ தெரு வாய்க்காலிலோ திறக்க வேண்டும். அழகுக்காகத் தரையைச் சுற்றி செங்கல் கரை கட்டுகிறவர்கள் தாழ்ந்த பக்கத்தையும் சேர்த்து அடைத்துவிடுவதால்தான் பாதித் தரைகள் குளமாகின்றன. அந்தப் பக்கம் கரையே வேண்டாம். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் 2 அடிக்கு ஒரு துளை விடச் சொல்லுங்கள். தரை முழுவதும் மீன்முள் வடிவில் குழாய் பதிக்கிறோம் என்று பெரிய தொகை சொன்னால் அது கரிசலுக்குத் தேவையில்லாத செலவு. பக்கவாட்டிலும் தண்ணீர் விடாத களிக்குள் குழாய் புதைத்தால் அதற்குள் வந்து சேர்வது மிகக் குறைவு. மண் ஊதிச் சுருங்குவதில் குழாயின் வாட்டமும் இரண்டொரு வருடத்தில் கெட்டுவிடும்.

மூன்றாவது, மேல்மண்ணின் அளவு. 2 அங்குலம் போதாது. அமர்ந்த பிறகு 5 அங்குலமாவது நிற்க வேண்டும். அதற்குக் கொட்டும்போது 6 அங்குலம். ஆயிரம் சதுர அடிக்குக் கணக்கு இப்படி: மணற்பாங்கான செவல் மண் இரண்டரை யூனிட், சலித்த மணல் அல்லது எம்.சாண்ட் ஒன்றரை யூனிட், நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு யூனிட். மொத்தம் 5 யூனிட். தொழு உரம் கையில் எடுத்தால் மண் வாசனை அடிக்க வேண்டும், சாண வாசனை அடிக்கக் கூடாது. மக்காத குப்பையோடு களை விதையும் வெள்ளைப் புழுவும் இலவசமாக வரும்.

இந்த 5 யூனிட்டையும் வெளியே கலந்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். பெயர்த்துப் போட்ட கரிசலின் மேல் முதலில் ஒரு அங்குலம் மட்டும் பரப்பி, அதை மண்வெட்டியால் கரிசலோடு கொத்திக் கலந்துவிடுங்கள். மீதியை அதன்மேல் இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து அமர விடுங்கள். அந்தக் கலப்பு அடுக்கு இல்லாவிட்டால் வேர் 5 அங்குலம் இறங்கி, கரிசலின் வழுவழுப்பான முகத்தைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பிவிடும். அமர்ந்ததா என்று பார்க்க நடந்து பாருங்கள். குதிகால் அரை அங்குலத்துக்கு மேல் பதியக் கூடாது. கை ரோலரை ஈரத்தில் ஓட்ட வேண்டாம்.

சுவரோரம் 3 அடிக்குப் புல் வேண்டாம். கரிசலில் அஸ்திவாரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் எப்போதும் ஈரமாகவும் மறுபக்கம் காய்ந்தும் இருந்தால், மண் ஒரு பக்கம் ஊதி மறுபக்கம் சுருங்கிச் சுவரில் வெடிப்பு விடும். அந்த 3 அடியில் கல் பாவுவதோ சிமென்ட் தளம் போடுவதோ வீட்டுக்கு நல்லது. நர்சரிக்காரருக்குச் சதுர அடி குறையும் என்பதால் அவர் இதைச் சொல்வது அரிது.

எந்தப் புல்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நர்சரியில் 'கொரியன்' என்பது இன்னொன்றில் 'மெக்ஸிகன்'. இரண்டுமே பெரும்பாலும் ஜோய்சியா இனத்துப் புற்கள்தான். ஊசி போல மெல்லிய இலை, மெத்தை போன்ற அடர்த்தி. பெயரைக் கேட்டு வாங்காமல் மேட்டைப் பார்த்து வாங்குங்கள்.

கரிசலுக்கு எங்கள் முதல் தேர்வு பெர்முடா, அதாவது நம் அருகம்புல்லின் வளர்ப்பு வகைகள். கரிசல் காட்டு வரப்பில் எவ்வளவு பிடுங்கினாலும் மறுபடி தளிர்க்கும் புல்லின் சொந்தக்காரர்கள் இவை. வேர் ஆழம் போகும், வெடிப்பு விட்டால் ஓடுதண்டு போட்டு மூடிக்கொள்ளும், காரத்தையும் ஓரளவு உப்பையும் தாங்கும். இரண்டு நிபந்தனைகள்: நாளைக்கு 6 மணி நேர வெயில் வேண்டும், மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது வெட்ட வேண்டும். பூச்செடிப் பாத்திக்குள் ஏறிவிடும் என்பதால் நடுவே ஒரு தடுப்பும் தேவை.

ஜோய்சியா பார்வைக்கு அழகு, வெட்டும் வேலை குறைவு. ஆனால் மெதுவாக வளரும். ஒரு இடம் பட்டுப்போனால் மூடுவதற்கு மாதங்கள் ஆகும். வெட்டாமல் விட்டால் மேடு மேடாகக் கும்மிக்கொண்டு, கீழே காய்ந்த சருகு சேர்ந்து, மழையில் பூஞ்சை பிடிக்கும். 5 அங்குல மேல்மண்ணும் வாட்டமும் சரியாக இருந்தால் தாராளமாகப் போடலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

அகன்ற இலை கொண்ட கார்பெட் புல்லை, ஆக்ஸோனோபஸ் வகையை, கரிசலில் போடுவதை நாங்கள் பரிந்துரைக்கவே மாட்டோம். அது அமிலத்தன்மையும் ஈரமும் உள்ள மண்ணின் புல். கேரளத்துச் செம்புறை மண்ணில் நிழலிலும் பச்சைப்பசேலென்று நிற்பதைப் பார்த்துவிட்டு இங்கே கேட்கிறார்கள். கரிசலின் காரத்திலும் சித்திரை வெயிலிலும் அது வெளுத்துப்போகும்.

மேட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்

லாரியில் அடுக்கி வரும் மேட்டில் நடுவிலிருந்து ஒன்றை உருவுங்கள். மேலே இருப்பது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அடியில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறதா? அப்படியானால் வெட்டி ஒரு நாளுக்கு மேல் ஆகி, உள்ளுக்குள் வேகத் தொடங்கிவிட்டது. ஓரத்தைப் புரட்டுங்கள். வேர் வெள்ளையாக, மண்ணைப் பின்னிப் பிடித்திருக்க வேண்டும். மண் முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை போதும். 2 அங்குலம் களியோடு வந்தால், நல்ல மேல்மண் போட்டு அதன்மேல் மறுபடி ஒரு களி மூடி போட்டதாக ஆகும். தண்ணீர் முதல் அங்குலத்திலேயே நின்றுவிடும்.

அடுத்து கோரை. புல்லுக்கு நடுவே கொஞ்சம் பளபளப்பாக, இளம்பச்சையாக நிற்கும் தண்டை விரலால் உருட்டுங்கள். மூன்று பட்டை தெரிந்தால் கோரை. மெல்ல இழுத்தால் தண்டு மட்டும் வந்துவிடும். விரலால் மண்ணைக் கிளறினால் கருப்பு மணி போலக் கிழங்கு ஒன்று, அதிலிருந்து நூல் போல ஒரு வேர், அதன் முனையில் இன்னொரு கிழங்கு. பத்து மேட்டுக்கு ஒன்றில் இருந்தாலே லோடைத் திருப்பி அனுப்பலாம். நட்ட பிறகு கோரையைக் கைக்களை எடுத்து ஒழிப்பது நடக்காத காரியம். கிழங்கு செம்மண் லோடிலும் வரும் என்பதால், மேல்மண் பரப்பிய பின் மூன்று வாரம் தண்ணீர் விட்டு முளைக்க வைத்து, கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு நடுவது புத்திசாலித்தனம். பேக்கேஜில் இந்த மூன்று வாரத்துக்கு இடமே இல்லை. கேட்டு வாங்க வேண்டும்.

பதிக்கும்போது செங்கல் வரிசை போல இணைப்புகள் மாறி மாறி வர வேண்டும், ஓரங்கள் முட்ட வேண்டும், இடுக்கில் அதே மேல்மண் கலவையைத் தூவித் தேய்க்க வேண்டும். இந்தக் கைவேலையை நம்மூர் ஆட்கள் அருமையாகச் செய்கிறார்கள்.

பணம் இடித்தால் மேல்மண்ணைக் குறைக்காதீர்கள், மேட்டைக் குறையுங்கள். ஒரு சதுர அடி மேட்டை 2 அங்குலச் சதுரங்களாக வெட்டினால் 36 துண்டுகள். அரை அடி இடைவெளியில் நட்டால் சதுர அடிக்கு 4 துண்டு. ஆக ஒரு மேட் 9 சதுர அடிக்கு வரும். ஆயிரம் சதுர அடிக்குச் சுமார் 110 மேட் போதும். பெர்முடா என்றால் மூன்று நான்கு மாதத்தில் மூடிவிடும். அதுவரை களை எடுக்கும் வேலை உங்களுடையது.

தண்ணீரும் மஞ்சளும்

முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் லேசாக. மூன்றாம் வாரத்திலிருந்து குறைத்து, பிறகு வாரத்துக்கு ஒரு அங்குலம் என்று நிறுத்த வேண்டும். ஆயிரம் சதுர அடிக்கு அது சுமார் 2,360 லிட்டர். கோடையில் ஒன்றரை அங்குலம் தேவைப்படும். 12,000 லிட்டர் டேங்கர் மூன்று வாரத்தை ஒட்டித்தான் வரும். இந்தத் தண்ணீர் கையில் இல்லையென்றால் 400 சதுர அடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோடையில் காயவிட்ட தரையின் அடியில் கரிசல் வெடித்து, மேல்மண் அந்த வெடிப்புக்குள் சரிந்து, புல்தரை பள்ளம் பள்ளமாகும். எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று அறிய நாலைந்து நேர்ச்சுவர் டம்ளர்களைத் தரையில் வைத்து ஸ்பிரிங்ளரை ஓட்டி, ஸ்கேலால் அளந்துவிடலாம். ஒரேயடியாக விடாமல் 10 நிமிடம் விட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி 10 நிமிடம் விடுங்கள்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் யூரியா போடாதீர்கள். அது இரும்புச்சத்துக் குறை. கரிசலில் இரும்பு இருக்கிறது, காரத்தால் பூட்டிக் கிடக்கிறது. மண்ணில் போடும் இரும்பு சல்பேட்டும் அப்படியே பூட்டிக்கொள்ளும். லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட், ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலைமேல் தெளித்தால் ஒரு வாரத்தில் நிறம் திரும்பும். டைல்ஸில் பட்டால் துருக்கறை போகாது. தெளிக்கும் முன் மூடிவிடுங்கள். பழைய இலையிலிருந்து தரை முழுக்க வெளிறினால் அது தழைச்சத்துக் குறை. அம்மோனியம் சல்பேட் ஆயிரம் சதுர அடிக்கு 2 கிலோ தூவி உடனே தண்ணீர் விட வேண்டும். கார மண்ணுக்கு யூரியாவைவிட இதுவே பொருத்தம்.

ஒப்பந்தம் பேசும்போது

மேட் பதிக்க ஆடி, ஆவணி நல்லது. மழைக்கு முன் வேர் பிடித்துவிடும். அது தவறினால் தை, மாசி. புரட்டாசிக் கடைசியில் அவசரமாகப் பதித்த தரை வேர் பிடிக்கும் முன்பே வெள்ளம் பார்க்கும்.

ஒரு மாத உத்தரவாதம் என்பது கரிசலில் உத்தரவாதமே இல்லை. ஒரு மாதத்துக்கு எந்த மேட்டும் பச்சையாக இருக்கும். மேட்டோடு வந்த சத்து அதற்குப் போதும். குறை தெரிவது முதல் பெருமழையில். ஆகவே கடைசித் தவணையாகக் கால் பங்குத் தொகையை அந்த மழை வரை நிறுத்தி வைப்பதாக எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. கரிசலின் வாட்டத்தை நூல் கட்டிக் காட்டவும், 5 யூனிட் மேல்மண்ணை லோடு கணக்கில் எண்ணிக் காட்டவும் சம்மதிக்கும் நர்சரி என்றால், சதுர அடிக்குக் கூடுதல் விலை சொன்னாலும் அதற்கே வேலையைக் கொடுங்கள். இந்த இரண்டுக்கும் சம்மதிக்காத பேக்கேஜ் எவ்வளவு மலிவானாலும் கரிசலுக்கு வேண்டாம் என்பதே எங்கள் மதிப்பீடு.

முதல் பெருமழை நின்று 4 மணி நேரம் கழித்துத் தரையை ஒரு சுற்றுப் பாருங்கள். தண்ணீர் இன்னும் மினுங்கும் இடங்களைச் சுற்றிக் கோலமாவால் வட்டம் போட்டுப் படம் எடுத்து நர்சரிக்கு அனுப்பிவிடுங்கள். தரை காய்ந்து கால் பதியாத பதத்துக்கு வந்ததும், அந்த வட்டங்களுக்குள் இருக்கும் மேட்டை மட்டும் தட்டை மண்வெட்டியால் உரித்து, கீழே கரிசல் குழிந்திருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பார்த்து, அந்தக் குழியிலிருந்து வாரி வரை ஒரு கைப்பிடி அகலத்துக்குக் கரிசலில் வாட்டமாகக் கீறி, மேல்மண் நிரப்பி, அதே மேட்டைத் திரும்பப் பதிக்கச் சொல்லுங்கள். இரண்டு ஆளுக்கு அரை நாள் வேலை.